நாற்பத்து நான்காவது புகார்

அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தவன் சாட்சாத் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் என் மனைவியும் கேட்பவர்களிடமெல்லாம் இதையேதான் சொல்கிறாள். "அவர் பார்த்த வீடு. எனக்கு என்ன தெரியும்?"

நான் நகரசபையில் இரைச்சல் புகார்ப் பிரிவில் எழுத்தர். ஊரில் எவர் காது கிழிந்தாலும் கடிதம் என் மேசைக்குத்தான் வரும். படிப்பேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று முத்திரை குத்துவேன். கோப்பில் போட்டு நாடாவை இறுக்கிக் கட்டுவேன். பதினொரு வருஷத்தில் ஒரு இடத்தைக்கூட நேரில் போய்ப் பார்த்ததில்லை. வெளியே ஒரே இரைச்சல்.

அப்போது எங்கள் வீடு ஊருக்கு வெளியே, பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சாய்ந்தேனானால் நாலரை வரை ஈ காக்காய் எழுப்பாது. வாழ்க்கையில் நான் சம்பாதித்தது அந்த இரண்டரை மணி நேரத் தூக்கம் ஒன்றுதான். அதற்குத்தான் வேட்டு வைக்கப் பார்த்தாள் என் மனைவி.

"இங்க பேச ஆளே இல்லைங்க. நாள் பூரா நாலு செவுரு கூடத்தான் பேசறேன்."

"அதான் சாயங்காலம் நான் வந்துடறேனே?"

"அப்ப அஞ்சு செவுரு."

அவள் கண் வைத்திருந்தது ரயில் நிலையத்துக்குப் பின்னால், நகரத்தின் நட்டநடுவில் இருக்கும் பழைய பேட்டையின் மேல். கடை, பட்டறை, பாட்டு வகுப்பு, எந்நேரமும் ஜனம். புதன்கிழமை தோறும் தையல் வகுப்புக்கு அங்கேதான் போவாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு பிரகாசம் இருக்கும். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அணைந்துவிடும்.

கடைசியில் ஒரு நாள் அவளே இறங்கி வந்தாள்.

"சரி, வீட்டை நீங்களே பாருங்க. ஒரே ஒரு வீடு காட்டுங்க. எனக்குப் பிடிச்சா போறோம். பிடிக்கலைன்னா ஜென்மத்துக்கும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

"நெஜமாவா?"

"உங்க மேல சத்தியம்."

என் மேல் சத்தியம் என்றால் அவளுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. குடியிருக்கவே முடியாத ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க இந்த ஊரில் என்னைவிடத் தகுதியானவன் யார்? திங்கட்கிழமை கோப்பை அவிழ்த்தேன். பேட்டையின் ஒரு சந்திலிருந்து, பதினெட்டாம் எண் வீட்டு டீச்சர் வாரத்துக்கு ஒன்றாக நாற்பத்து மூன்று கடிதங்கள் எழுதியிருந்தார். விடிகாலையில் ட்ரம்பெட் பழகும் இளைஞன். எதிரே வெல்டிங் பட்டறை. ரயில் மாதிரி விசில் அடிக்கும் கிளி. கடைசிக் கடிதம் தேன் மாதிரி இனித்தது. 'இந்த இரைச்சல் தாங்காமல் பக்கத்துப் போர்ஷன் பதினேழாம் எண்ணில் இருந்தவரும் ஓடிவிட்டார். இப்போது அது காலி.'

பதினொரு வருஷத்தில் ஒரு புகாரை நான் இரண்டாம் முறை படித்தது அன்றுதான்.

சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவளைக் கூட்டிப்போனேன். என் நம்பிக்கை வீண்போகவில்லை. நடைபாதையில் செருப்பு, பழைய புத்தகம், அலாரம் அடித்துக்காட்டும் கடிகாரங்கள். ஒரு மாடியில் நடன வகுப்பு, கீழே தச்சுப் பட்டறை, இரண்டும் ஒரே தாளத்தில். என் காலை மூன்று பேர் மிதித்தார்கள். நான் ஆனந்தமாக மிதிபட்டேன்.

டீக்கடையில் நின்றோம். கடைக்காரர் அவளிடம் ஒரு கிளாஸை நீட்டினார். "அக்காவுக்குச் சர்க்கரை இல்லாம." முகத்தைப் பார்த்தே சொல்கிறாரே, என்ன தொழில் ஞானம் என்று வியந்தேன். இன்று நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

சந்துக்குள் திரும்பினோம். சத்தம் நின்றுவிட்டது.

எனக்கு வியர்த்தது. பட்டறை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை, அதிலும் ஆளில்லை. பதினெட்டாம் எண் வாசலில் டீச்சரே நின்றிருந்தார். நான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் ஓடிப்போய்க் கேட்டேன்.

"இங்க ட்ரம்பெட் ஊதறவர் ஒருத்தர்..."

"கல்யாணமாயிடுச்சு. இப்ப ஊதறதில்ல."

"வெல்டிங் பட்டறை?"

"மூடிட்டாங்க."

"கிளி? அந்தக் கிளியாவது இருக்கா?"

டீச்சர் என் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "பறந்துடுச்சு சார்."

"ஏங்க, இங்க கிளி இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி. காதில் விழாதவன் மாதிரி பூட்டிய பதினேழாம் எண் கதவைத் தட்டப் போனேன்.

வீட்டுச் சொந்தக்காரர் சாவியோடு வந்தார். "செவுரு முழங்கை கனம் சார். சத்தமே வராது."

"கொஞ்சங்கூடவா வராது?" என்று கெஞ்சினேன்.

"இருபது வருஷமா வாடகைக்கு விடறேன். இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

"பிடிச்சிருக்கு" என்றாள் என் மனைவி. கதவு இன்னும் பாதிதான் திறந்திருந்தது.

குடிபோனோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பயந்துகொண்டே படுத்தேன். அடடா, பழைய வீட்டில்கூட அப்படித் தூங்கியதில்லை. அவள் ஆசையும் தீர்ந்தது, என் தூக்கமும் போகவில்லை, ஜெயித்தது நான்தான் என்று மார்தட்டிக்கொண்டேன். இரண்டு நாள் தட்டினேன். செவ்வாய்க்கிழமை மேசையில் நாற்பத்து நான்காவது புகார் இருந்தது.

'பதினேழாம் எண்ணுக்குப் புதிதாகக் குடிவந்திருப்பவர் ஞாயிறு மதியம் இரண்டு முதல் நாலரை வரை குறட்டை விடுகிறார். சுவர் அதிர்கிறது. அந்த நேரத்தில் அவரைத் தூங்கவிடாமல் வேறு வேலையில் ஈடுபடுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

கடிதத்தோடு நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் டீச்சரோடு உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"ட்ரம்பெட்டையும் வெல்டிங்கையும் தாங்கினீங்களே டீச்சர், என் குறட்டையா பெரிசாப் போச்சு?"

"ட்ரம்பெட்டும் கிடையாது, வெல்டிங்கும் கிடையாது சார். புதன்கிழமை தையல் கிளாஸ் முடிஞ்சதும் உங்க வீட்டம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினது. இந்த வீடு காலியாகற வரைக்கும் எழுதினோம். நீங்க நேர்ல வந்து பாத்துட்டா மானம் போயிடுமேன்னு பயந்தேன். 'அவரா? வரவே மாட்டார்'னு அடிச்சுச் சொன்னாங்க."

மனைவியைப் பார்த்தேன். கத்தரிக்கோல் நிற்கவில்லை. "கிளி மட்டும் டீச்சரோட யோசனைங்க" என்றாள்.

கையிலிருந்த கடிதத்தை நீட்டினேன். "அப்ப இந்த நாப்பத்தி நாலு?"

"அது ஒண்ணுதான் சார் நெஜம். சந்தேகம்னா கீழ சாட்சிக் கையெழுத்தைப் பாருங்க."

பார்த்தேன். பதினெட்டு வருஷத்துக்கு முன் எங்கள் கல்யாணப் பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் போட்ட அதே கையெழுத்து.