எட்டாவது ஆளின் ராஜினாமா

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. என் இடது முழங்கால் நீங்கலாக இங்கே அனைவரும் சௌக்கியம். அங்கே தாங்களும், என் மகளும், பேரப்பிள்ளைகள் இருவரும் முழங்கால் உட்பட சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் வீட்டுக்கு வராமல் தங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறதே என்று பதற வேண்டாம். ஃபோனில் சொல்லலாமென்றால் அவள்தான் எடுக்கிறாள். எடுத்ததும் "அப்பா, பெட்டி கட்டியாச்சா?" என்கிறாள். "கட்டிக்கிட்டே இருக்கேன்மா" என்று மூன்று வாரமாகச் சொல்கிறேன். மூன்று வாரம் கட்டுகிற அளவுக்கு அப்பாவிடம் அப்படி என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஒண்டிக்கட்டையாக இருக்க வேண்டாம், எங்களோடு வந்துவிடுங்கள் என்று நீங்கள் இருவரும் அழைத்தது, நான் சரி என்றது, எனக்காக மாடி அறைக்கு வெள்ளையடித்தது எதையும் மறக்கவில்லை. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். வருகிறேன். ஆனால் எங்கள் வட்டாரக் குழு என்னை விட்டால்தானே! நான் அதில் சேர்ந்த கதையே கோளாறு. தங்கள் மாமியார் தவறிய வருஷம், வீட்டுச் சுவரையே எத்தனை நேரம் பார்ப்பது என்று நூலகத்து மாடியில் நடந்த கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வையுங்கள் என்று சொல்லக் கை தூக்கினேன். அந்த நேரம் பார்த்து, காலியான உறுப்பினர் இடத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். செயலாளர் ஒரு ரிட்டையரான கணக்கு டீச்சர், விதிப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற அம்மா. உடனே என் பெயரை எழுதிவிட்டார். அவர் எழுதினால் எழுதினதுதான். ஃபேன் மட்டும் இன்றுவரை அதே வேகம்.

குழுவில் மொத்தம் பதினைந்து பேர். எட்டுத் தலையாவது இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஒழுங்காக வருகிறவர்கள் ஏழு பேர். எட்டாவது தலை என்னுடையது. பஸ் டிப்போவில் முப்பத்தாறு வருஷம் டைம்கீப்பராக இருந்தவனுக்கு, ஆறு மணிக் கூட்டம் என்றால் ஐந்து ஐம்பதுக்கே கால் தானாக நடக்கிறது, நான் என்ன செய்ய?

முதல் வாரம் ராஜினாமாவைக் கொடுத்தேன். "கூட்டத்துல வச்சு ஏத்துக்கிட்டாதான் சார் செல்லும்" என்றார் டீச்சர். ஏற்றுக்கொள்ளட்டும் என்று வீட்டிலேயே இருந்தேன். ஏழு பேர் வந்து, எட்டாவது ஆள் இல்லையென்று கலைந்து போனார்கள். இரண்டாம் வாரம் நானே போய் உட்கார்ந்து, "முதல்ல என்னை முடிச்சு விடுங்கம்மா" என்றேன். "உங்களை முடிச்சா மிச்சம் ஏழு பேரு. பள்ளிக்கூடத்து முன்னாடி சிக்னல் போடுற தீர்மானம் என்னாவுறது? பிள்ளைங்க லாரிக்கு நடுவுல ஓடுதுங்க. உங்களது கடைசி" என்றார். நியாயம்தானே மாப்பிள்ளை? சிக்னல் நிறைவேறியது. தெருவிளக்கு நிறைவேறியது. குப்பைத் தொட்டியை யார் வாசலில் வைப்பது என்று முக்கால் மணி நேரம் ரகளை நடந்து, யார் வாசலிலும் வேண்டாம் என்பது ஏகமனதாக நிறைவேறியது. என் முறை வந்தது. எட்டுப் பேரில் ஒருவரான பல் டாக்டர் எழுந்தார். "கிளினிக்ல ஒருத்தர் வாயைத் திறந்து வச்சபடி உக்காந்திருக்காரு" என்று கிளம்பிவிட்டார். மிச்சம் ஏழு. நான் ராஜினாமா செய்தும் செய்யாதவன்.

இனி சும்மா இருந்தால் வேலைக்காகாது என்று, எப்போதும் வராத அந்த ஏழு பேரையும் வீடு வீடாகப் போய்ப் பிடித்தேன். "அங்க வந்து நாங்க என்னத்த சார் பண்றது?" என்றார் டெய்லர். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ரோஷம், "நம்ம தெருவுக்கு நாம வராம அடுத்த தெருக்காரனா வருவான்? உங்க பொண்ணுதானய்யா அந்த ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகுது?" என்று ஒரு மணி நேரம் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். அவர் வெட்டிக்கொண்டிருந்த சட்டையில் ஒரு கை குட்டையாகிப் போனது. நான்காவது மாடி நர்ஸ் அம்மா, டியூட்டி முடிந்து வந்த அலுப்போடு காபி போட்டுக் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். என்னை வெளியே அனுப்ப ஓட்டுப் போடுங்கள் என்று கேட்கப் போனவன், எல்லார் வீட்டிலும் குழுவின் பெருமையைப் பேசிவிட்டு வந்திருக்கிறேன், என்ன புத்தியோ! ஆனால் ஏழு பேரும் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக, வெள்ளிக்கிழமை கூட்டம். பதினைந்து பேரும் இருப்பார்கள். பல் டாக்டரே ஓடினாலும் பாதகமில்லை. சனிக்கிழமை காலை தாங்கள் வண்டி எடுத்துக்கொண்டு தாராளமாக வரலாம். என் மகளிடம் சொல்லிவிடுங்கள், அப்பா வருகிறார் என்று.

தங்களுக்குப் பதவி உயர்வும், பிள்ளைகளுக்குப் படிப்பும், என் மகளுக்குச் சற்றே நிதானமும் பெருக ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: கடிதத்தைப் பெட்டியில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. கூட்டம் முடிந்து வந்து இதை எழுதுகிறேன். வண்டி எடுக்க வேண்டாம் மாப்பிள்ளை.

பதினைந்து பேரும் வந்துவிட்டார்கள். நாற்காலி போதாமல் இரண்டு பேர் ஜன்னல் கட்டையில். என் ராஜினாமாவை ஓட்டுக்கு விட்டார்கள். என்னோடு இத்தனை நாள் உட்கார்ந்த பழைய ஏழு பேரும், "பெத்த பொண்ணு கூப்பிடுறா, நிம்மதியா போகட்டும்" என்று விடைகொடுக்கக் கை தூக்கினார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் இழுத்து வந்த புது ஏழு பேரும், "எங்களைக் கொண்டாந்து மாட்டி விட்டுட்டு இவர் மட்டும் தப்பிக்கிறதா?" என்று எதிராகத் தூக்கினார்கள். ஏழுக்கு ஏழு. டீச்சர் புத்தகத்தைப் புரட்டி, "உங்க ராஜினாமாவை இன்னும் ஏத்துக்கல. அதனால நீங்க இன்னும் உறுப்பினர். உங்க ஓட்டுதான் பாக்கி, சார்" என்றார்.

பதினான்கு முகமும் என்னையே பார்த்தன. தங்கள் மாமியார் போனபின் என் முகத்தை இத்தனை பேர் ஒருசேரப் பார்த்ததில்லை. எதிராகத் தூக்கிவிட்டேன் மாப்பிள்ளை.

மன்னிக்க வேண்டும். பிள்ளைகளின் விடுமுறைக்கு வந்து பதினைந்து நாள் இருப்பேன், அந்த நாட்களில் இங்கே கூட்டம் இல்லை. என் மகளிடம் இதைத் தாங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவசரப்பட வேண்டாம். முதலில் தாங்கள் வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். சொன்ன பிறகு சாப்பாடு நிச்சயமில்லை.