நாற்பத்து மூன்றாம் பக்கம் நுரையோடு போன விவகாரம்

தண்டையார்பேட்டை,
சென்னை – 81.
17.9.2007, திங்கள்

அனுப்புநர்: கோ. எத்திராஜ், டிரெய்லர் ஓட்டுநர் (ஓய்வு)
பெறுநர்: ஆசிரியர், ‘மோட்டார் முரசு’ மாத இதழ்

பொருள்: தங்கள் இதழின் 43ஆம் பக்கம் – சவர நுரையில் அழிந்தது – தீர்ப்பைத் தந்தி மூலம் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவி பூவம்மாவும் நலம். என் வலது முழங்கால் நலமில்லை. தாங்களும், தங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களும், குறிப்பாக அந்தக் கட்டுரையை எழுதிய புண்ணியவானும் சௌக்கியமாக இருப்பீர்கள். உங்களுக்கென்ன குறை? எழுதிப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டீர்கள். நாசமாய்ப் போனது நாங்கள்தானே.

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். மரியாதை குறைந்தால் அதையும் எழுத்துப்பிழையாகவே எடுத்துக்கொள்ளவும்.

சென்ற மாத இதழில் ஜப்பான்காரன் செய்த ஒரு சொகுசுக் காரைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தீர்கள். தாழ்ந்த உடம்பு, சாய்ந்த கண்ணாடி, பந்தயத்துக்குப் போகிற மாதிரி ஒரு முறைப்பு. ஒரே காரில் இரண்டு விதம். ஒன்று வெறும் பெட்ரோல். இன்னொன்று ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியும் கரண்ட் மோட்டாரும் கூட்டுச் சேர்ந்தது. இரண்டில் எதை வாங்கலாம் என்று அலசி, தீர்ப்பைக் கடைசியாக 43ஆம் பக்கத்தில் வைத்திருந்தீர்கள். இரண்டுமே இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை என்று முதல் பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதனால் எங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. விற்றாலும் வாங்கப் போவதில்லை. என் நண்பர் ஸ்டானிஸ்லாஸிடம் ரயில்வே பாஸ் இருக்கிறது. என்னிடம் சைக்கிள் இருக்கிறது, பின்சக்கரத்தில் காற்று நிற்காது.

ஸ்டானிஸ்லாஸ் யார் என்று சொல்லவில்லையே. யார்டில் முப்பத்தோரு வருடம் டீசல் ரயில் இன்ஜின் ஓட்டியவர். எனக்கு இரண்டு வயது மூத்தவர். அடுத்த தெரு. நாங்கள் இருவரும் பதினோரு வருடமாக எங்கள் மன்றத்தின் இரட்டையர் கேரம் போட்டியில் ஒரே ஜோடி. பலகைக்கு அந்தப் பக்கம் அவர் மூக்கைச் சொறிந்தால் எந்தக் காயை விடச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஏழு முறை கோப்பை வாங்கியிருக்கிறோம். வரும் ஞாயிறு இந்த வருடப் போட்டி. பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்றோடு பதினைந்து நாளாக அந்த மனிதர் என்னோடு பேசவில்லை. காரணம், தங்கள் பத்திரிகை.

நடந்ததைச் சொல்கிறேன். தண்டபாணி சலூனில் உங்கள் இதழ் வரும். ஸ்டானிஸ்லாஸ் கட்டுரையைச் சத்தமாகப் படித்தார். ஐந்தாம் பக்கம் முடிந்ததும் அவர் ஹைப்ரிட் என்றார், நான் பெட்ரோல் என்றேன். தீர்ப்பை உடனே பார்ப்பது ஆண்மையில்லை, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வாதாடிவிட்டு எல்லோர் முன்னிலையிலும் படிப்போம் என்று முடிவாகி, 43ஆம் பக்கத்தைத் தண்டபாணி மடித்துக் குண்டூசி குத்தி வைத்தார். அந்த வாரம் தலையில் முடியே இல்லாதவர்கள்கூட சலூனுக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

என் வாதம் எளிமையானது. ‘‘தக்காளி வாங்கப் போற மாமு. ஹைப்ரிட்டும் கீது, நாட்டுத் தக்காளியும் கீது. ஹைப்ரிட்டு பளபளன்னு கீதேன்னு வாங்கினு வந்து ரசம் வெச்சா வாயில வெக்க முடியுமா? காரும் அப்டித்தான். பெட்ரோலு நாட்டு ரகம்’’ என்றேன். சலூனே கைதட்டியது.

அவர் விடவில்லை. ‘‘ரயிலு இன்ஜினு எப்டி ஓடுதுன்னு நெனச்சிகினு கீற? டீசலு கரண்ட்ட குடுக்கும், கரண்ட்டு சக்கரத்த சுத்தும். ரெண்டும் சேந்தாத்தான் வேல நடக்கும். நீ இப்பத்தான் பேரையே கேள்விப்பட்ற, நான் அதுலயே சோறு துன்னவன்’’ என்றார். அதற்கும் கைதட்டினார்கள். சலூனில் உட்காருபவர்களுக்கு மானம் ஏது?

சரி, நிரூபித்தே காட்டுகிறேன் என்று பூவம்மாவிடம் சொல்லி நாட்டுத் தக்காளியில் ஒரு ரசம், ஹைப்ரிட் தக்காளியில் ஒரு ரசம் வைக்கச் சொன்னேன். இரண்டு சொம்பில் ஊற்றி எடுத்துப் போனேன். ஸ்டானிஸ்லாஸ் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, ஹைப்ரிட் சொம்பைத் தட்டி, ‘‘இதான் ரசம், அது கலீஜ்’’ என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. வீட்டுக்கு வந்து பூவம்மாவிடம் கேட்டால், ‘‘மார்க்கெட்ல நாட்டுத் தக்காளியே இல்ல. ரெண்டும் ஒரே ரசந்தான். ஒரு சொம்ப நல்லா கழுவல’’ என்கிறாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் இப்படி ஒரு துரோகத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு அவர் முறை. எங்கள் பக்கத்து மீன்பாடி வண்டியைத் தாங்கள் பார்த்திருக்கலாம். மூன்று சக்கரம், முன்னால் மீன் வைக்கப் பலகை, பின்னால் மிதிக்க ஆள். அதிலேயே பழைய ஸ்கூட்டர் இன்ஜினையும் மாட்டியிருப்பார்கள். ‘‘மிதிக்கறதும் கீது, மோட்டாரும் கீது. ஜப்பான்காரனுக்கு முன்னாடியே நம்ம காசிமேட்டுக்காரன் ஹைப்ரிட்டு செஞ்சிட்டான்’’ என்று சொல்லி ஒரு வண்டியை இரவல் வாங்கிவந்தார். என்னைப் பலகையில் உட்கார வைத்துக் காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குள் ஓட்டினார். பாதி வழியில் இன்ஜினை நிறுத்தி, ‘‘பாரு மாமு, சத்தமே இல்ல. இதான் சொகுசு’’ என்றார். சத்தமே இல்லை என்பது உண்மை. அதனால்தான் ஒருவரும் விலகவில்லை. அவர் கத்தினார், நான் கத்தினேன், வண்டி நேராகப் போய் ஒரு ஐஸ் பெட்டியில் இடித்தது. நான் பலகையிலிருந்து கிளம்பி ஒரு கூடை மத்தி மீன் மேல் உட்கார்ந்தேன். முழங்கால் நலமில்லை என்று ஆரம்பத்தில் எழுதினேனே, அது இதுதான்.

மீன்காரம்மா, ‘‘யோவ் சாவுகிராக்கி! சவுண்டு குடுத்துகினு வரமாட்டியா?’’ என்று கேட்டது. நான் மீனோடு மீனாகக் கிடந்தபடியே, ‘‘கேட்டியா மாமு, அந்தம்மாவே பெட்ரோல் கட்சி!’’ என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அத்தனை வலியிலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

‘‘துறைமுகத்துக்குப் போற கண்டெய்னர் லாரி க்யூவுல மூணு மணி நேரம் நிக்கும்போது உன் பெட்ரோல் காரு சும்மாவே குடிச்சிகினு நிக்கும். ஹைப்ரிட்டு கம்முனு ஆஃப் ஆயிடும்’’ என்றார் திரும்பி வரும் வழியில். அந்த க்யூவில் நான் இருபத்தெட்டு வருடம் நின்றவன். வண்டி சத்தமில்லாமல் நின்றால் என்ன ஆகும் தெரியுமா? பானட் மேல் யாராவது துணி காயப் போடுவார்கள். இதைச் சொன்னேன்.

இனிமேல்தான் விபரீதம். ஞாயிறு காலை தீர்ப்பு நாள். நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று சீக்கிரமே போய்ச் சவரத்துக்கு உட்கார்ந்தேன். கத்தியில் வரும் நுரையைத் துடைக்கத் தண்டபாணி பழைய புத்தகங்களைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்திருப்பார். ஒரு துண்டை நம் தோளில் வைத்து, வழித்து வழித்து அதில் துடைப்பார். அன்று கிழித்த துண்டு தீர்ந்துவிட்டது. கைக்கு வந்த புத்தகத்தில் கைக்கு வந்த பக்கத்தைக் கிழித்தார். குண்டூசி குத்தினால்கூட நின்று பார்க்க மாட்டாரா அந்த மனிதர்? ‘‘இன்னாடா பேப்பரு கைய குத்துதேன்னு நெனச்சேண்ணா’’ என்றார் பிறகு. நான் கண்ணை மூடியிருந்தேன். சவரம் செய்யும்போது கண்ணியமானவர்கள் கண்ணை மூடித்தான் இருப்பார்கள்.

ஸ்டானிஸ்லாஸ் வந்தபோது மிஞ்சியது மேல் துண்டு மட்டுமே. அதில் இருந்தது இதுதான்: ‘‘இரண்டையும் பத்து நாள் ஓட்டிப் பார்த்தபின், எந்தத் தயக்கமும் இல்லாமல் நாங்கள் சொல்வது:’’

அவ்வளவுதான். அடுத்த துண்டைக் குப்பைத்தொட்டியில் தேடினோம், வாசலில் தேடினோம், கழுத்துத் துணியை உதறினோம். காணோம். மாநகராட்சி லாரி ஏற்கெனவே குப்பையை அள்ளிக்கொண்டு கொடுங்கையூர் போய்விட்டிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் என் பளபளத்த கன்னத்தைப் பார்த்தார். சலூன் மொத்தமும் இருக்கையில் சொன்னார்: ‘‘தோத்துடுவேன்னு தெரிஞ்சிகினு, உன் மூஞ்சிய வெச்சி தீர்ப்ப அழிச்சிட்ட. உன்கூட இனிமே பலகையில குந்தமாட்டேன்.’’

என் நாணயத்தைச் சந்தேகித்தார், ஆசிரியரே. துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் சரக்கு ஏற்றியவன் நான். ஒரு பெட்டி குறைந்ததில்லை. நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொன்னேன். அவை அச்சில் ஏறாது.

அன்று முதல் பேச்சில்லை. அவர் மனைவி சிலுவையம்மாளும் பூவம்மாவும் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி குழம்புக் கிண்ணத்தை மாற்றிக்கொண்டு மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எனக்கு ஜோடியாக வல்லரசு என்று ஒருவரை மன்றத்தில் சேர்த்துவிட்டார்கள். அவர் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் அது பலகையைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போகிறது. பொய் சொல்வானேன், சாயங்காலம் ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பலகைக்கு எதிர்ப்பக்கம் மூக்கைச் சொறிய ஆளில்லை. சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஆகையால், இக்கடிதம் கண்டதும் அந்தத் துண்டில் என்ன இருந்தது என்பதை ஒரே சொல்லில் தந்தி அடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். என் நாணயத்தின் மேல் விழுந்த கறை உங்கள் ஒரு சொல்லால்தான் போகும். நான் எதற்கும் அஞ்சாதவன். உண்மை எதுவானாலும் தலைவணங்குவேன்.

தங்கள் பத்திரிகை செழிக்கட்டும். தங்கள் வீட்டுப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். அந்தக் கட்டுரையாளரின் கால் முட்டியும் நல்லபடி இருக்கட்டும்.

இப்படிக்கு,
நேர்மையுள்ள வாசகன்,
கோ. எத்திராஜ்

பின்குறிப்பு: தந்தி வேண்டாம். உறைக்குப் பசை தடவும்போது ஸ்டானிஸ்லாஸ் வந்துவிட்டார். கையில் மீன் குழம்பு, சட்டைப்பையில் அவருடைய ஸ்ட்ரைக்கர். ‘‘மாமு, யோசிச்சிப் பாத்தேன். பெட்ரோலே இருக்கட்டும், நான் ஒத்துக்கறேன். நம்ம கைல காரா கீது? ஆட்டந்தான் கீது. உன்ன சந்தேகப்பட்டேன் பாரு, அதான் ரொம்ப பேஜாரா பூட்ச்சி’’ என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் பெரிய மனதோடு, ‘‘உடு மாமு’’ என்றேன்.

ஆசிரியரே, உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. சவரத்தின்போது ஒரு கண் திறந்துதான் இருந்தது. துண்டு என் தோளில்தானே இருந்தது, படித்துவிட்டேன். ‘‘ஹைப்ரிட்டே. பெட்ரோல் பிரியர்கள் மன்னிக்க’’ என்று இருந்தது. அந்த வாரமெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவன் எப்படி மன்னிப்பேன்? சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, கேரம் பவுடர் டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். இன்று ஒரு கை ஆடிப் பார்க்கலாம் என்று ஸ்டானிஸ்லாஸ் பலகையைப் போட்டு, ‘‘அந்த பவுடர் டப்பாவ எட்றா மாமு’’ என்று கை நீட்டினார் பாருங்கள். முழங்காலை மறந்து பாய்ந்து பிடுங்கினேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. பதினைந்து நாள் கழித்து எதிரே உட்கார்ந்திருக்கிறார், எப்படிச் சொல்வேன்? ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் சிகப்புக் காயை அவருக்கே விட்டுவிடப் போகிறேன். இந்தப் பதினோரு வருடத்தில் நான் யாருக்கும் விட்டதில்லை. அதுதான் எனக்கு நானே போட்டுக்கொண்ட அபராதம்.

துண்டை இத்துடன் இணைத்துள்ளேன். சோப்பு வாசனையும் என் நரைமுடி இரண்டும் இருக்கும், மன்னிக்கவும். பார்த்ததும் கிழித்துவிடவும். கட்டுரை எழுதியவர் சொன்னது சரிதான். எங்கள் தெருவில் மட்டும் அது செல்லாது.

மறு பின்குறிப்பு: ஐயா, நான் பூவம்மா. தபால்பெட்டில போடச் சொல்லி என்கிட்ட குடுத்தாரு. பசை காயல, பிரிச்சிட்டேன். பவுடர் டப்பாவுல அந்தத் துண்ட மொத நாளே பாத்தது நான்தான். பாத்த கையோட சிலுவையம்மா அக்காகிட்ட சொல்லிட்டேன். அந்தக்கா அவங்க வூட்டுக்காரர்கிட்ட நேத்துதான் சொல்லிச்சாம். அண்ணன் எல்லாம் தெரிஞ்சிகினுதான் வந்து தோத்துட்டுப் போறாரு. பவுடர் டப்பாவ கேட்டதுகூட வேணும்னேதான். தெருமுனை வரைக்கும் சிரிச்சிகினே போனாரு. இவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அப்பறம் சிகப்பு காய விடமாட்டாரு.