வழுக்கி வந்த தோசை

கல்யாணமான புதிதில் ஆண்களுக்கு ஒரு வியாதி வரும். வீட்டில் எதையாவது ரிப்பேர் செய்து மனைவியிடம் நல்ல பெயர் வாங்கிவிடக் கை பரபரக்கும். எனக்கு அது துரு ஒழிப்பாக வந்தது.

பெருங்களத்தூரில் நாங்கள் குடியேறிய ஃபிளாட்டில் மழைக்காலம் வந்தால் சுவர்கூட வியர்க்கும். சைக்கிள் செயின், பால்கனி கிரில், பூட்டு எல்லாவற்றிலும் துரு. ஹார்டுவேர் கடையில் துரு நீக்கும் ஸ்பிரே டப்பா ஒன்று வாங்கிவந்து அடித்தேன். மக்கர் செய்த பூட்டு தொட்டதும் திறந்தது. (அதோடு நிறுத்தியிருக்கலாம். விதி விட்டால்தானே!)

சமையலறையில் ரேவதியின் இரும்பு தோசைக்கல் இருந்தது. சீரோடு வந்த கல். இன்னும் பழகாததால் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வரும். ஓரத்தில் துரு வேறு. பல்லாவரத்திலிருந்து அவள் அம்மா முதல்முறையாக டிபனுக்கு வருகிறார் என்றதும் ரேவதிக்குத் தூக்கமே போய்விட்டது.

"அம்மா முன்னாடி தோசை பிய்ஞ்சுதுன்னா என் மானமே போயிடும்ங்க."

ஸ்பிரே டப்பாவில் 'எல்லா உலோகப் பரப்புகளுக்கும் ஏற்றது' என்று போட்டிருந்தது. தோசைக்கல்லும் உலோகம்தானே? மாமியார் வந்த அன்று காலை, ரேவதி குளிக்கப் போன நேரத்தில் கல்லின் இரண்டு பக்கமும் அடித்து, துணியால் துடைத்து வைத்தேன். துரு போய்க் கல் மின்னியது. அதில் சமைத்துச் சாப்பிடுவார்கள் என்பது என் மூளைக்கு எட்டவேயில்லை. (நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங்.)

ரேவதிக்குக் கடும் ஜலதோஷம். எந்த வாசனையும் தெரியாமல் கல்லைக் காயவைத்து மாவை ஊற்றினாள். தோசைத்திருப்பியை நுழைத்ததும் தோசை வழுக்கிக்கொண்டு வந்தது.

"அம்மா, இங்க பாரேன்! கல்லு பழகிடுச்சு!"

அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"பரவால்லையேடி!" என்று மாமியார் தட்டை நீட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தச் சந்தோஷம் நிலைக்கும். மாமியார் நிலைப்பாரா?

"அத்தை, சாப்பிடாதீங்க!"

அதற்குள் ஒரு விள்ளலை மூக்கருகே கொண்டுபோயிருந்த மாமியார் அப்படியே நிறுத்தினார். "என்ன மாப்ளே, சைக்கிள் கடை வாசனை வருது?"

எல்லாவற்றையும் சொன்னேன். ரேவதி அடுப்பை அணைத்தாள்.

"அப்ப கல்லு பழகலையா?" என்று மட்டும் கேட்டாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்கு வேண்டியிருந்தது அம்மா முன்னால் ஒரு முழுத் தோசை. அதைக் கொடுத்த கையோடு நானே பிடுங்கிவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மூஞ்சியைப் பார்த்து மாமியார் சிரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் ரேவதியும் சேர்ந்துகொண்டாள். அன்று மூவருக்கும் ஹோட்டல் இட்லி.

அடுத்த வாரம் மாமியார் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வேறு கல் வாங்கிக் கொடுத்தார். அதை ரேவதி வெங்காயமும் நல்லெண்ணெயும் தேய்த்துப் பொறுமையாகப் பழக்கினாள். இப்போது அவள் வார்ப்பது ஒன்றுகூடப் பிய்வதில்லை. ஆனாலும் அவள் பக்கத்துச் சொந்தத்தில் எந்த வீட்டில் தோசை முழுசாக வந்தாலும், வாயில் வைப்பதற்கு முன் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்:

"மாப்பிள்ளை கிச்சன் பக்கம் போனாரா?"