நாலு மணிக் கல்யாணம்

கொட்டகையைக் கழுவிவிட்டது தப்பு என்று ஹாலிஸுக்குப் புரிந்தபோது, நாற்றம் முன்னைவிட இரண்டு மடங்காகியிருந்தது.

கழுவாமலே விட்டிருக்கலாம். ஆனால் ஒரே மகளின் கல்யாணம் அங்கேதான் நடக்கப்போகிறது. கீழே மாட்டுத் தொழுவம், மேலே வைக்கோல் தளம் என்று அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச்சரிவில் நிற்கும் பழைய மரக்கொட்டகை அது. மேப்பிள் இலைகள் சிவந்து உதிரும் அக்டோபர் சனிக்கிழமை ஒன்றில், சாயங்காலம் நாலு மணிக்கு, அந்த மேல்தளத்தில்தான் மோதிரம் மாற்றிக்கொள்ளப் போவதாக கொரின் சொல்லிவிட்டாள்.

இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் கொட்டகைக் கல்யாணம் ஒரு மோஸ்தராகிவிட்டது. பட்டணத்துப் பிள்ளைகள் வாடகை கொடுத்து வந்து, விளக்குச் சரம் தொங்கவிட்டு, பூசணிக்காய் அடுக்கி, வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் அந்தக் கொட்டகைகளை விட்டு மாடுகள் போய் ஒரு தலைமுறை ஆகியிருக்கும். ஹாலிஸின் கொட்டகையில் மாடுகள் இருந்தன.

"எதையும் மாத்தாதேப்பா. இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று கொரின் சொல்லித்தான் இருந்தாள். தாயில்லாமல் தான் ஒற்றை ஆளாக வளர்த்த பெண், அப்பாவுக்கு வேலை வைக்க மனமில்லாமல் அப்படிச் சொல்கிறாள் என்று ஹாலிஸ் எடுத்துக்கொண்டார். அதனால்தான் குழாயைப் பிடித்துத் தளம் முழுக்க அடித்துக் கழுவினார்.

தண்ணீர் பலகைகளுக்கு அடியில் கிடந்த பழைய வைக்கோலில் இறங்கிப் புளித்துப் போயிற்று. மிச்சம், கீழே நின்ற மாடுகளின் முதுகில் சொட்டியது. அவை கோபித்துக்கொண்டு பாலைக் குறைத்தன.

தளம் காயட்டும் என்று இரண்டு பக்கத்துப் பெரிய கதவுகளையும் திறந்து போட்டார். காற்று வந்தது. கூடவே புறாக்களும் வந்தன. கல்யாணப் பெண் நிற்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலே இருந்த உத்தரம்தான் அவற்றுக்குப் பிடித்துப் போயிற்று.

புறாக்களை விரட்டப் பக்கத்துப் பண்ணை மெர்லிடம் பூனை கேட்டார். மெர்ல் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பூனையைக் கொண்டுவந்து விட்டான். அது புறாக்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு மூலையில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் ஏறிப் படுத்து, விடிவதற்குள் ஐந்து குட்டி போட்டுவிட்டது. மாப்பிள்ளை எம்மெட்டின் அம்மா லுசில் பாஸ்டனிலிருந்து அனுப்பிய வெள்ளை மேஜை விரிப்புகள் அந்தப் பெட்டியில்தான் இருந்தன.

"குட்டி போடப்போற பூனைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டார் ஹாலிஸ்.

"நீ புறா பிடிக்கிற பூனைதான் கேட்டே. அது பிடிக்கும். இப்போ பிரசவ லீவுல இருக்கு" என்றான் மெர்ல்.

விரிப்புகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்த அன்றைக்குப் பார்த்து லுசில் வந்து சேர்ந்தாள். சாம்பல் நிறக் கோட்டும் மெல்லிய தோல் செருப்புமாக, மூக்கருகே கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தாள். ஏரிக்கரை ஓட்டலில் வைத்திருந்தால் எல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். தொழுவத்து வாசலில் நின்று வெகுநேரம் உள்ளே பார்த்தாள்.

"சம்பந்தி, கல்யாணத்தன்னிக்கு மாடுங்க இங்கதானே இருக்கும்?"

ஹாலிஸுக்குச் சுருக்கென்றது. பார்க்கலாம் என்று மட்டும் முணுமுணுத்தார். லுசில் தொழுவத்தை இன்னொரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் மகளிடம் பேசிப் பார்த்தார். நாலு மணி பால் கறக்கும் நேரம், மாடுகள் கத்தும், பாதிரியார் பேசுவது யார் காதிலும் விழாது, இரண்டு மணிக்கு மாற்றிக்கொள்ளலாமே என்றார்.

"நாலுதான்" என்றாள் கொரின்.

"ஏம்மா?"

"வெளிச்சம் நல்லா இருக்கும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆப்பிள் நறுக்கினாள். அதற்கு மேல் கேட்டுப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். அந்தப் பிடிவாதம் அவர் கொடுத்ததுதான்.

ஆகவே, வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்ய ஹாலிஸ் முடிவெடுத்தார். மாடுகளை மெர்ல் பண்ணைக்கு அனுப்புவது, ஒரு வேளையாவது வேறொரு கை கறக்க விடுவது. காய்ச்சலில் தள்ளாடியபோதுகூட அவர் அதற்குச் சம்மதித்ததில்லை. யார் வீட்டு விசேஷமானாலும் சாயங்காலம் மூன்றரைக்குப் பாதியில் எழுந்து கறக்கப் போய்விடுவார். ஊரில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. அவருக்கு அப்படித்தான் நினைப்பு.

யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று காலை கறந்து முடித்ததும், மகளுக்குத் தெரியாமல் பின்பக்கத்துப் பாதை வழியாக மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் விட்டார். ஒவ்வொன்றின் கழுத்தையும் தட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று மெர்லிடம் சொன்னார். மெர்ல் நம்பியது போல் தலையாட்டினான்.

சாயங்காலம் எல்லாம் கூடி வந்திருந்தது. நாற்றம் அடங்கியிருந்தது. புறாக்கள் தாமாகவே போயிருந்தன. வைக்கோல் கட்டுகளின் மேல் விருந்தினர் வந்து உட்கார்ந்தார்கள். சூடான ஆப்பிள் சாறு மணத்தது. வயலின்காரர் மெல்லத் தொடங்கினார்.

வெள்ளை கவுனில் கொரின் கீழே வந்தாள், அப்பாவின் டையைச் சரிசெய்ய. முடிச்சில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொழுவம் அமைதியாக இருந்தது.

"அப்பா, மாடெல்லாம் எங்கே?"

"மெர்ல்கிட்ட விட்டிருக்கேன். உன் கல்யாணத்துல ஒரு சத்தம் வராது" என்றார் ஹாலிஸ், பெருமையாக.

கொரின் வெள்ளை கவுனோடு வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"யாருப்பா உன்னை இதைப் பண்ணச் சொன்னது?"

எதையும் மாற்றாதே என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாளே. ஒவ்வொரு கன்றுக்கும் பெயர் வைத்தவள் அவள்தானே. மாடுகள் இல்லாமல் அவளுக்கு என்ன கல்யாணம்? அவள் முகத்திலிருந்து கையை எடுப்பதற்குள் அவர் வெளியே ஓடியிருந்தார்.

மெர்ல் வண்டியில் ஏற்றிவரலாம் என்றால், பாதை நெடுக விருந்தினர் கார்கள். நடத்தித்தான் கூட்டிவர வேண்டியிருந்தது. மாடுகளுக்கு அவசரமில்லை. வழியில் உதிர்ந்துகிடந்த ஆப்பிள்களை நின்று நிதானமாகத் தின்றன. பின்னால் தாமதமாக வந்த கார்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஒரு சவ ஊர்வலம் போல மெதுவாக ஊர்ந்தன. பாதிரியாரின் காரும் அதில் இருந்தது. புதுக் கோட்டில் சேறு தெறித்தது. டை எங்கேயோ விழுந்து போயிற்று. நாலு மணி எப்போதோ தாண்டிவிட்டது. தூரத்தில் வயலின்காரர் தெரிந்த ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் லுசில் நின்றிருந்தாள். மெல்லிய தோல் செருப்பு சாணியில் புதைந்திருக்க, மாடுகளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டையைக் காணோம்.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி" என்றார் ஹாலிஸ், மூச்சு வாங்க. "ஓட்டல்ல வைக்கலேன்னு உங்களுக்கு வருத்தம். எனக்குப் புரியுது. ஆனா கொரின் கொட்டகையிலதான்னு ஆசைப்பட்டுட்டா. அவ ஆசைக்கு நான் குறுக்கே நிக்க முடியுமா?"

கடைசி மாடு உள்ளே போகும் வரை லுசில் காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அவர் கோட்டில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள்.

"அவளுக்குச் சின்னப் பொண்ணுலேருந்தே ஏரிக்கரை ஓட்டல்லதான் ஆசை, சம்பந்தி; நான் இடம்கூட பேசி முடிச்சுட்டேன், அப்புறம் அவளே வந்து, 'வேண்டாம் அத்தே, அங்க வெச்சா அப்பா பாதியில எந்திரிச்சு மாடு கறக்கப் போயிடுவார், கொட்டகையில கறக்கிற நேரத்துலேயே வெச்சா கீழதானே இருப்பார், நான் உறுதிமொழி சொல்றது அவர் காதுல விழும்'னுட்டா."