மஞ்சள் துணிக்குள் வலது கை

உச்சிப்பொழுதுக்கு முன் கைக்கட்டை அவிழ்க்கக் கூடாது என்று பூசாரி சொல்லியிருந்தும், சின்னுசாமி அவிழ்த்துவிட்டான். உள்ளங்கை சாம்பல் நிறத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காற்றுப் பட்டு, மசியாகக் கருத்தது.

"ஐயையோ!"

முனியப்பன் கோயில் மணி காணாமல் போய் மூன்று நாள். ஜெர்மன் சண்டையால், தோல் பதனிட உதவும் கடுக்காய்க்குக் கிராக்கி. பூசாரி உட்பட ஊரே கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தது. அன்று காலை அப்படியே எழுந்து வந்து, தீர்த்தம் தெளித்த இரும்பு வேல்கம்பை ஒவ்வொருவராக இறுகப் பிடித்தார்கள். பிடித்த கைகளைப் பூசாரி காளியண்ணன் மஞ்சள் துணியால் கட்டினார்; தன் கையையும் கட்டிக்கொண்டார். எவன் கை கருக்கிறதோ, அவனே திருடன்; அவன் குடும்பத்தை ஊர் தள்ளி வைக்கும்.

மணி சின்னுசாமியின் கேழ்வரகுக் குதிருக்குள் கிடந்தது. காட்டில் தொலைந்துபோகிற எருமைக்குக் கட்டலாமென்று எடுத்தது.

"சாம்பல் போட்டுத் தேய்ங்க," என்றாள் மனைவி அத்தாயி.

தேய்த்தான். இன்னும் கருத்தது.

"சுனைத்தண்ணில கழுவிப் பாருங்க."

கல்லெல்லாம் துருவாகச் சிவந்து கிடக்கும் சுனை அது. கழுவியதில் இடது கையும் கருத்தது.

"ஒரு மணிக்கு ரெண்டு கையா! எருமை உங்ககிட்ட மணி கேட்டுச்சா?"

அவன் நெற்றி வியர்வையை வழித்தான். அத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூஞ்சிக்கும் ஏறுதுங்க! முழுசா ஏறுறதுக்குள்ள ஓடிப் போயி ஒத்துக்கங்க!"

மணியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கோயிலில் ஊரே கூடியிருந்தது. குப்புற விழுந்தான்.

"நாந்தானுங்க எடுத்தேன்! தள்ளி மட்டும் வெச்சுடாதீங்க!"

யாரும் திட்டவில்லை. எல்லோரும் தங்கள் கைக்கட்டையே பார்த்தார்கள். முதலில் பக்கத்து வீட்டுப் பாப்பாயி அவிழ்த்தாள். கருப்பு. அடுத்தவன் கையும் கருப்பு. அவிழ்த்த கையெல்லாம் கருப்பு.

கடுக்காய் மூட்டையைக் குதிரையில் ஏற்றிக்கொண்டிருந்த சேந்தமங்கலத்து வியாபாரி ஜாபர் உசேன் திகைத்துப் போனார்.

"ஏனுங்க, கடுக்காய்ச் சாறு பட்ட கையால இரும்பைத் தொட்டா, காத்துப் பட்டதும் கருக்கத்தானுங்க செய்யும்! எழுதற மசி காய்ச்சறதே இப்படித்தானுங்களே!"

பூசாரி தன் கைக்கட்டை மெல்ல அவிழ்த்தார். அது ஏற்கெனவே ஒருமுறை அவிழ்த்துக் கட்டிய முடிச்சு.

"நல்ல நேரத்துல வந்தே கண்ணு," என்றார் சின்னுசாமியிடம். "மணியை நான் எப்ப எடுத்தேன், எங்க வெச்சேன்னு காலையிலிருந்து யோசிச்சு மண்டை காஞ்சு போச்சு."