வண்டி நிறுத்தப் போனவள்

காலையில் ட்ரெவர் ஹமசாகி எழுந்தான். பல் தேய்த்தான். ஒரு முட்டையை வேகவைத்து நின்றபடியே தின்றான். பாதிப் படுக்கைதான் கலைந்திருந்தது, அதைச் சரிசெய்தான். அலுவலகம் போனான். வந்தான். சட்டை மாற்றினான்.

மாலையில், சாக்ரமெண்டோவில் வெஸ் ஒகுபோவின் சாப்பாட்டுக் கடையில், சமையல் மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலி காலி. இந்த நவம்பர் மாலைக்காக அவன் மனைவி டாரா ஏப்ரலிலேயே பிடித்து வைத்த இரண்டு இடங்களில் ஒன்று அது. மே மாதம் டாரா இறந்துபோனாள். அந்தச் சொல்லை ட்ரெவர் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. அவளுடைய தொலைபேசி இணைப்பை நிறுத்தச் சொன்னபோதுகூட, "இப்ப அவ யார்கிட்டயும் பேசறதில்ல" என்றுதான் சொன்னான்.

வெஸ்ஸின் கடையில் இன்னது வேண்டும் என்று நாம் கேட்க முடியாது. அந்தப் பருவத்தில் கிடைத்ததை அவன் பேஸ்பால் தொப்பியோடு நின்று ஒவ்வொன்றாகச் சமைத்துத் தருவான். எல்லாருக்கும் ஒரே நேரத்தில். எட்டு நாற்காலியும் நிறைந்தால்தான் முதல் தட்டு. மேடைக்கு மேலே தோலுரித்த பெர்சிமன் பழங்கள் உலர்வதற்காக நூலில் தொங்கின. உள்ளே சோளரொட்டி வேகும் வாசனை.

வாசலைக் கவனிப்பது வெஸ்ஸின் அத்தை லோர்னா. ஊருக்கே அவள் ஆன்ட்டி. ட்ரெவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டாரா எங்கப்பா?"

இரண்டே சொல்லில் முடித்துவிடலாம். முடித்தால் இங்கே ஒருவருக்கும் சோறு இறங்காது. அடுத்தவர் சாப்பாட்டைக் கெடுக்காத குடும்பம் ட்ரெவருடையது. அவன் பெரியப்பா ஒரு கல்யாணத்தில் நெஞ்சுவலியோடு, கேக் வெட்டி முடியும்வரை கைதட்டிக்கொண்டிருந்தவர்.

"வண்டி நிறுத்தப் போயிருக்கா, ஆன்ட்டி."

"வெஸ், டாரா வண்டி நிறுத்தறாளாம்."

"வரட்டும். அப்புறம் ஆரம்பிப்போம்." வெஸ் அடுப்பைத் தணித்தான்.

எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் ஸ்டான் உயேடா, ஆற்றங்கரையில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர், வயிற்றைத் தடவினார்.

"எங்க நிறுத்தறாங்க, பக்கத்து மாநிலத்துல, ரீனோவிலயா?"

"நீங்கல்லாம் ஆரம்பிங்க," என்றான் ட்ரெவர். "அவ மெதுவா வருவா."

"அது எப்படிப்பா? முதல் தட்டு நண்டு. அவளுக்கு நண்டுன்னா உயிராச்சே," என்றான் வெஸ்.

ஆன்ட்டி கோட்டை மாட்டினாள். "இருட்டுல அலையறா, பாவம். நானே கூட்டிட்டு வரேன். என்ன வண்டி?"

"வேணாம் ஆன்ட்டி, மழை."

"என்ன கலரு?"

"வெள்ளி."

போயே விட்டாள். திரும்பி வந்தபோது தலையிலிருந்து நீர் சொட்டியது. "ஒவ்வொரு வெள்ளி வண்டியோட கண்ணாடியையும் தட்டிட்டேன். ஒருத்தன் போலீசக் கூப்பிடுவேங்கறான்."

ட்ரெவர் கைபேசியை எடுத்து, ஒன்றுமில்லாத திரையைப் பார்த்தான். "செய்தி அனுப்பியிருக்கா. வயிறு சரியில்லையாம். வீட்டுக்கே போயிட்டாளாம்."

தப்பித்தோம் என்று நினைத்தான். மறுபக்கத்து நாற்காலிப் பெண் திரும்பினாள்.

"நான் க்வென். நர்ஸு. வலி வலது பக்கமா? காய்ச்சல் இருக்கா? போனைப் போடுங்க, நான் பேசறேன்."

"தூங்கிட்டா."

"இப்பதானே செய்தி வந்துது?"

"அனுப்பிட்டுத் தூங்கிட்டா."

"வலது பக்கம் வலிச்சா தூங்கவே கூடாது. வீட்டுக்குப் போய்ப் பாத்துடறேன்."

வெஸ் நண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு அரிசி கழுவ ஆரம்பித்தான். "இஞ்சி போட்டுக் கஞ்சி வெக்கிறேன். ஆன்ட்டி, நீங்களும் கூடப் போய்க் குடுத்துட்டு வந்துடுங்க."

"அப்ப நாங்க?" என்றார் ஸ்டான்.

"கஞ்சி வெந்ததும் நண்டு."

"பட்டினி கிடக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

க்வென் ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டுவிட்டாள். "வீடு எங்க? சொல்லுங்க, நேரம் போகுது."

ட்ரெவர் இன்னொரு பொய்யைத் தேடினான். இல்லை. க்வென்னின் கோட்டில் காலியாகத் தொங்கிய மறு கையைப் பிடித்துக்கொண்டான்.

"போகாதீங்க. வீட்டுல யாரும் இல்ல. டாரா இறந்துட்டா. மே மாசம்."

சொல்லியாயிற்று. ஆனால் யாருடைய சாப்பாடும் கெடவில்லை. வந்தால்தானே கெட.

க்வென் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஸ்டான் எழுந்து வந்து, தன் கோப்பையிலிருந்த சாக்கே என்னும் அரிசி மதுவை ட்ரெவர் முன்னால் வைத்துவிட்டுப் போனார். வெஸ் அடுப்பை ஏற்றினான். எல்லாருக்கும் நண்டு வந்தது. ட்ரெவருக்கு மட்டும் இரண்டு தட்டு.

"மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. மழையில அலைய விட்டுட்டேன்."

ஆன்ட்டி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "எதுக்கு மன்னிப்பு? எனக்கும் வெஸ்ஸுக்கும் ஏப்ரல்லயே தெரியும். தலையில துணி கட்டிக்கிட்டு அவளே நேர்ல வந்தா. நவம்பர்ல நான் இருக்க மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் இடமே பிடிச்சா."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தேடினீங்க? கஞ்சி எதுக்கு?"

"அவ சொன்னபடிதான் செஞ்சோம். கொஞ்சம் கூடுதலாப் போச்சு போல."

"என்ன சொன்னா?"

ஆன்ட்டி இரண்டாவது தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"'அவன் ஏதாவது பொய் சொல்வான், அப்படியே நம்பிடுங்க. என் தட்டையும் அவனுக்கே வைங்க. இளைச்சிருப்பான்.'"