ரலாந்தி நிக்குதா?

உலகத்தில் மோட்டார் சைக்கிள் வாங்குகிற அத்தனை பேரும் எங்கேயாவது போவதற்காகத்தான் வாங்குகிறார்கள். வாசலில் நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்காகவே வண்டி வைத்திருக்கும் ஒரே மனிதர் எங்கள் சாரம் தெருவில்தான் இருக்கிறார். பெயர் ரலாந்தி. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கக்கூடும். தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

நான் அவருக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருப்பவன். வாரம் முழுக்க ஆபீஸுக்காக எழுந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை தூங்குவது என் பிறப்புரிமை என்று நினைப்பவன். அந்த உரிமை காலை ஆறு மணிக்கே பறிபோய்விடும். ரலாந்தி வாசலில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு கார்பரேட்டரைப் பார்த்துக் குனிவார். வண்டி 'டுப் டுப்' என்று ஓடும். திடீரென்று 'ட்ர்ர்ர்' என்று எகிறும். அப்புறம் இருமும். கடைசியில் அணைந்துபோகும். அப்பாடா என்று போர்வையை இழுப்பேன். உடனே கிக்கரை உதைக்கிற சத்தம் கேட்கும்.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை அவருக்கு விற்றவர் குருசுக்குப்பத்தில் இருந்த ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் தானாக மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா, அதை மெக்கானிக்குகள் ஐடிலிங் என்பார்கள். சொல்தா அதை ரலாந்தி என்பார். சாவியைக் கையில் கொடுக்கும்போது, "ரலாந்தி நல்லா நிக்குதான்னு மொதல்ல பாரு. மத்ததெல்லாம் அப்புறம்" என்று சொன்னாராம். நம் ஆள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அந்த 'அப்புறம்' இன்றுவரை வரவில்லை.

கார்பரேட்டரில் இருப்பது இரண்டே ஸ்க்ரூ. ஒன்று காற்றுக்கு, இன்னொன்று வேகத்துக்கு. காற்று ஸ்க்ரூவை முழுக்க முடுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, வண்டி சூடானதும் இப்படியும் அப்படியும் திருப்பி, சத்தம் எங்கே தெளிகிறதோ அங்கே விட்டுவிட்டு, வேக ஸ்க்ரூவால் இறக்கினால் முடிந்தது. கடையில் கொடுத்தால் டீ குடிப்பதற்குள் ஆகிவிடுகிற வேலை. ரலாந்தி அதைச் செய்து முடிப்பதற்குள் தெருவில் எல்லா வீட்டிலும் குழம்பு கொதித்து இறங்கியிருக்கும்.

ரலாந்தியின் பக்கத்து வீட்டுக்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு அம்மா குடிவந்தார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. ரலாந்தி வீட்டுக்குள் பார்த்து, "கஸ்தூரி, ரலாந்தி இன்னிக்கும் நிக்க மாட்டேங்குது!" என்று கத்தியது அவர் காதில் விழுந்துவிட்டது. கஸ்தூரி அக்கா ரலாந்தியின் மனைவி. நிற்க முடியாத பிள்ளை ஒன்று அந்த வீட்டில் இருப்பதாக நினைத்த கோயமுத்தூர் அம்மாவுக்கு மனசு தாங்கவில்லை. வெளியே வந்துவிட்டார். அப்போது வண்டி அணைந்திருந்தது. ரலாந்தி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ரொம்ப நாளாவே நிக்கறதில்லீங்களா?"

"நேத்து நின்னுச்சும்மா. காலைல குளிர்ல நிக்க மாட்டேங்குது."

"சாப்பாடெல்லாம் எப்பிடிங்க?"

"குடிக்கிறதெல்லாம் நல்லாத்தான் குடிக்குது. காத்துதான் ஜாஸ்தியா போவுது."

"பாவமுங்க. வயசு என்னாச்சுங்க?"

"அது ஆச்சு, எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே வந்துது. நல்லா சூடு பண்ணிட்டா நின்னுடும்."

கோயமுத்தூர் அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, சூடு கீடு போட்டுப்போடாதீங்க! கோரிமேட்டுல அத்தாப்பெரிய ஆஸ்பத்திரி இருக்குதுங்களே, அங்க ஒருக்கா காட்டுங்க!"

ரலாந்தி, "அங்க கார்பரேட்டர் பாக்கறாங்களா?" என்று கேட்டார். உள்ளே கஸ்தூரி அக்கா சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்த சத்தம் என் மாடிவரை வந்தது.

அக்காவுக்கும் ஒரு ஆசை இருந்தது. பிள்ளைச்சாவடியில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு ஒரே ஒருமுறை அந்த வண்டியில் போய் இறங்க வேண்டும். வடக்கே கடலோரமாக, கொஞ்ச தூரம்தான். ஒருநாள் ரலாந்தி அதிசயமாக, "பொறப்படு, போலாம்" என்றார். அக்கா பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, தெருவுக்கே கை காட்டிவிட்டுப் போனார். நாங்களும் காட்டினோம். தெருமுனை திரும்புகிற இடத்தில் வேகத்தைக் குறைத்தபோது ரலாந்திக்கு ஏதோ ஒரு குறை கேட்டிருக்கிறது. வண்டியைத் திருப்பி வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, "ரெண்டு நிமிசம்" என்று மணைப்பலகையை எடுத்துப்போட்டார். அக்கா வண்டியைவிட்டு இறங்கினார். நடந்துபோய் பஸ் ஏறி, தங்கச்சி வீட்டில் வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, படுத்துத் தூங்கி எழுந்து, சாயங்காலம் பஸ்ஸிலேயே திரும்பி வந்தார். ரலாந்தி நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டியா, இதோ ஆயிடுச்சு" என்றார். அக்கா அன்றைக்குப் பேசியதை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது.

இப்படி ஞாயிறுதோறும் கேட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கே காது பழகிவிட்டது. பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு ஏத்தமா கீதே, கொஞ்சம் எறக்கச் சொல்லு" என்பார். கண்டக்டராக இருந்து ரிட்டையரான மணவாளன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "காத்து பத்தல" என்பார். கோயமுத்தூர் அம்மாகூட ஆறே மாதத்தில் தேறிவிட்டார். ரலாந்தி சரியாக நிற்கிற அந்த ஒரு சத்தம் எல்லோருக்கும் தெரியும். அவசரமே இல்லாமல், மூச்சு வாங்காமல், ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகக் கேட்கும். அது வந்ததும் ரலாந்தி கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சநேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். பிறகு அணைத்துவிட்டுக் குளிக்கப் போவார்.

போன மழைக்காலத்துக்கு அப்புறம் அந்தச் சத்தம் வருவது நின்றுபோனது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வண்டி முந்தின வாரத்தைவிட வேகமாக ஓடியது. கடைசியில் ஒருநாள் ஜன்னல் கண்ணாடி அதிர்கிற அளவுக்கு அலறியது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று இறங்கிப் போனேன்.

வண்டி தலைதெறிக்கக் கத்திக்கொண்டிருந்தது. ரலாந்தி காதை இன்ஜினோடு ஒட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு, வேக ஸ்க்ரூவை இன்னும் முடுக்கிக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு கவலை.

"சார், இன்னான்னே தெரியல. எவ்ளோ ஏத்துனாலும் அணையப் போற மாதிரியே இருக்குது. சத்தமே வரல சார்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ரலாந்திக்கு மில்லில் தறிகளுக்கு நடுவே பாதி ஆயுசு, மில் மூடிய பிறகு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் மீதி. காது எத்தனை நாள்தான் தாங்கும்? குனிந்து சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன். வண்டி நின்றது அவருக்குக் கேட்கவில்லை. என் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

கோரிமேட்டுக்குத்தான் கூட்டிப்போனார்கள். கோயமுத்தூர் அம்மா சொன்னது கடைசியில் பலித்துவிட்டது. அங்கே நடந்ததை கஸ்தூரி அக்கா வந்து சொன்னார். "ஒரு பொண்ணு இவரு காதுல ஹெட்போன் மாட்டி, பீப் பீப்னு சத்தம் வரும், கேட்டா கையத் தூக்குங்கன்னு சொல்லுச்சு. ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. கையவே தூக்கல. அப்புறமா அந்தப் பொண்ணுகிட்ட கேக்கறாரு, இன்னும் ஸ்டார்ட் பண்லியாம்மான்னு." சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்று, புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

காதுக்கு மெஷின் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு நேராக வண்டியைத்தான் ஸ்டார்ட் பண்ணினார் ரலாந்தி. இரண்டு நிமிடத்தில் கழற்றிவிட்டார். "தகர டப்பாவுல ஆணியப் போட்டுக் குலுக்குற மாதிரி கேக்குது. இது என் வண்டி இல்ல" என்றார். அதற்கப்புறம் மெஷின் அலமாரியிலேயே இருந்தது.

அடுத்த வாரம் பால் பாக்கெட்டோடு நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தவருக்குப் பின்னால் தண்ணி லாரி ஹாரன் அடித்திருக்கிறது. அவர் பாட்டுக்கு நடந்திருக்கிறார். யாரோ கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே கஸ்தூரி அக்கா முடிவு பண்ணிவிட்டார். "நடந்து போறப்பவே இப்படி. வண்டியில போனா என் கதி இன்னா ஆவறது? வித்துடலாம். மறுபேச்சு கெடையாது."

ரலாந்தி தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் துடைக்கப் போனார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்னைப் பார்த்தபோது மட்டும், "வித்துட்டா ஞாயித்துக்கெழம நான் இன்னா சார் பண்ணுவேன்?" என்று கேட்டார். பதில் சொன்னாலும் அவருக்குக் கேட்காது; தோளைத் தட்டிவிட்டு மாடி ஏறினேன்.

வண்டியைப் பார்க்க வில்லியனூர் பக்கத்திலிருந்து ஒரு இளைஞன் வந்தான். பழைய வண்டிகளைத் தேடிப்பிடித்து வாங்குகிறவனாம். அன்றும் ஞாயிற்றுக்கிழமை. எந்த வீட்டிலும் எந்த வேலையும் நடக்கவில்லை. தெருவே வாசலில் நின்றது. இளைஞன், "ஐடிலிங் நிக்குதா, பாக்கலாமா?" என்று சைகையில் கேட்டான். ரலாந்தி மணைப்பலகையில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதும் எகிறியது. ஸ்க்ரூ டிரைவரை ஸ்க்ரூவில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி எங்கள் முகங்களைப் பார்த்தார்.

சும்மா இருப்போமா? பூக்காரம்மா கையைக் கீழே இறக்கினார். கோயமுத்தூர் அம்மா மேலே தூக்கினார். நான் பதற்றத்தில் இரண்டு கையையும் ஆட்டினேன். நடுவில் எப்படியோ சத்தம் கொஞ்சம் தெளிந்தது. மணவாளனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய கண்டக்டர் குரலில், "ரைட்! ரைட்!" என்று கையை வீசினார். ரலாந்தி அந்த வாயசைவைப் பார்த்துக் காற்று ஸ்க்ரூவை வலது பக்கம் நன்றாக முடுக்கினார். வண்டி இரண்டு இருமல் இருமி அணைந்தது.

"யோவ், ரைட்டுன்னா சரியா இருக்குன்னு சொன்னேன்யா!" என்று மணவாளன் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது கஸ்தூரி அக்கா ஈரக்கையோடு உள்ளேயிருந்து வந்தார். எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். எல்லோர் கையும் இறங்கிவிட்டது. வண்டிக்கு அந்தப் பக்கம், புருஷனுக்கு நேர் எதிரே போய் நின்று, ஆரம்பி என்று தலையை ஆட்டினார். ரலாந்தி காற்று ஸ்க்ரூவைப் பழையபடி ஒன்றரைச் சுற்றுக்குக் கொண்டுவந்து உதைத்தார். அக்கா உள்ளங்கையைக் கவிழ்த்து, அடுப்பைச் சிம்மில் வை என்று காட்டுகிற மாதிரி மெல்ல மெல்ல இறக்கினார். கூடவே ஸ்க்ரூவும் இறங்கியது. கொஞ்சம் ஏற்றினார், நிறுத்தினார், ஒரு விரலால் துளி காட்டினார். ரலாந்தி ஸ்க்ரூவைப் பார்க்கவே இல்லை. அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்துவிட்டது. ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாக, அவசரமே இல்லாமல். எத்தனையோ மாதத்துக்கப்புறம் எங்கள் தெரு அந்தச் சத்தத்தைக் கேட்டது. அக்கா கையைத் தாழ்த்தி, "ம்" என்றார். ரலாந்தி கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"சூப்பரா இருக்கும்மா. இன்னிக்கே எடுத்துக்கறேன்" என்றான் இளைஞன்.

அக்கா புருஷனைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "குடுக்கறதில்ல தம்பி" என்றார்.

"நீங்கதானம்மா போன்ல, அவருக்குக் காது கேக்கல, ஓட்டுனா ஆபத்துன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இப்பதான் யோசிச்சுப் பாக்கறேன், இவரு எப்ப ஓட்டுனாரு?"

தெரு முழுக்கச் சிரித்தது. ரலாந்தி கண்ணைத் திறந்து, எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஆறு மணிக்கு அக்கா அந்தப் பக்கம், ரலாந்தி இந்தப் பக்கம், நடுவில் வண்டி. போன சனிக்கிழமை அக்கா தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினார், வழக்கம்போல பஸ்ஸில்தான். என் வீட்டு கேட்டில் நின்று, "சார், நாளைக்கு நான் இருக்க மாட்டேன், அவரு தனியா..." என்று இழுத்தார். "ஞாயித்துக்கிழமை நான் எழுந்திருக்க எட்டு மணி ஆகும்க்கா" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். என் உரிமையை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

காலையில் ரலாந்தி வண்டியை உதைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் பார்த்தார். யாருமில்லை. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி, உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தயாராக நின்றிருந்தேன்.

அலாரம் வைத்து எழுந்தேன் என்பதை மட்டும் அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.